தம்பி கல்யாணமும் பதினாறாவது வாரமும்

2024 ஜூலைல ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல புனேல இருந்து சித்தி பொண்ணு கூப்பிட்டா. அவளுக்கு அப்போ பன்னெண்டு வாரக் கர்ப்பம். அவங்க ஏரியா பக்கம் கொசுவால பரவுற ஜிகா வைரஸ் வந்திருக்கு, கார்ப்பரேஷன்ல இருந்து வந்து கர்ப்பமா இருக்கிறவங்ககிட்ட எல்லாம் சாம்பிள் எடுக்குறாங்க, "அக்கா, நான் பேசாம ஊருக்குக் கெளம்பி வந்துரட்டா?"ன்னு கேட்டா. ரெண்டு நாளா தூங்கலன்னு குரல்லயே தெரிஞ்சுது. அவ என்கிட்ட கேட்டதுக்குக் காரணம் இருக்கு. மூணு வருஷம் முன்னாடி இதே ஜிகாவ வெச்சுக்கிட்டு, ஊருக்குப் போகவா வேண்டாமான்னு நான் ஒரு மாசம் அல்லாடினது எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும். சில பேருக்கு இன்னும் கோவமும் இருக்கு.

அத முழுசா எழுதணும்னு அன்னைக்கே தோணுச்சு, இப்போதான் முடிஞ்சுது.

எங்க ஊரு கன்னியாகுமரி மாவட்டம், குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவுல. களியக்காவிளைய தாண்டினா கேரளா, அங்க இருந்து சில கிலோமீட்டர்ல பாறசாலை. எங்களுக்கு அது இன்னொரு மாநிலம்னு தோணவே தோணாது, துணி எடுக்குறது, ஆஸ்பத்திரி, சம்பந்தம் எல்லாமே அங்கயும் இங்கயுமாதான். நான் கல்யாணத்துக்கு அப்புறம் சென்னை. 2021 ஜூலைல எனக்கு பத்து வாரம், முதல் குழந்தை. கொரோனா ரெண்டாவது அலை அப்போதான் அடங்கிட்டு இருந்துச்சு, கர்ப்பிணிங்களும் தடுப்பூசி போடலாம்னு அந்த மாசம் ரெண்டாந்தேதிதான் மத்திய அரசு சொல்லிச்சு, நானும் போடலாமா வேண்டாமான்னு அந்தக் குழப்பத்துல இருந்தேன். ஆவணில தம்பி கல்யாணம். ஒரே தம்பி.

ஜூலை 8ஆம் தேதி சாயங்காலம் டிவில கேரள சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் சொன்னாங்கன்னு செய்தி ஓடுச்சு. பாறசாலையைச் சேர்ந்த 24 வயசுப் பொண்ணு, நிறைமாச கர்ப்பிணி, காய்ச்சல், தலைவலி, உடம்பெல்லாம் தடிப்புன்னு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா, ஜிகா. முந்தின நாள்தான் பிரசவம் ஆகியிருக்கு. அந்தப் பொண்ணு வெளிமாநிலம் எங்கயும் போகலன்னும் சொன்னாங்க. அந்த ஒரு வரிதான் என்னைப் பிடிச்சு உலுக்குச்சு. வெளிய போகலன்னா வைரஸ் அங்கயே, அந்த ஊரு கொசுகிட்டயே இருக்குன்னு அர்த்தம். அங்க இருந்து எங்க வீட்டுக்கு ஸ்கூட்டர்ல போற தூரம்.

அதுவரைக்கும் ஜிகான்னா பிரேசில்னுதான் நெனச்சிருந்தேன். 2015ல அங்க சின்னத் தலையோட நெறைய குழந்தைங்க பிறந்தது, 2016 பிப்ரவரில உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசர நிலைன்னு அறிவிச்சது, அந்த போட்டோக்கள் எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. ஆனா 2017லயே அகமதாபாத்துல மூணு பேருக்கு இருந்துச்சுன்னும், அதே வருஷம் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துலயே ஒருத்தருக்கு வந்துச்சுன்னும், 2018ல ஜெய்ப்பூர்ல நூத்தி அம்பது பேருக்கு மேல வந்துச்சுன்னும் அன்னைக்கு ராத்திரி உக்காந்து படிச்சப்போதான் தெரிஞ்சுது. படிக்கப் படிக்க வயிறு கலங்குச்சு. தடுப்பூசி இல்ல, மருந்து இல்ல, வந்த அஞ்சு பேருல நாலு பேருக்கு அறிகுறியே தெரியாது. மிச்ச ஒருத்தருக்கும் லேசா காய்ச்சல், தடிப்பு, கண்ணு செவக்குறது, மூட்டு வலி, ஒரு வாரத்துல சரியாயிரும். பெரியவங்களுக்குப் பெரும்பாலும் லேசான நோய், வயித்துல இருக்கிற குழந்தையோட மூளையத்தான் தேடிப் போகுது.

கர்ப்ப காலத்துல ஜிகா வந்த அம்மாக்களோட குழந்தைங்கள்ல நூத்துக்கு 5ல இருந்து 15 வரைக்கும் பாதிப்பு வரலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அத முதல்ல படிச்சப்போ, ஊருக்குப் போனா என் குழந்தைக்கு நூத்துக்கு 15 வாய்ப்புன்னு எடுத்துக்கிட்டேன். தப்பு. அது நோய் வந்தவங்களுக்கான கணக்கு, ஊருக்குப் போனவங்களுக்கான கணக்கு இல்ல. போனா கொசு கடிக்கணும், கடிச்ச கொசுகிட்ட வைரஸ் இருக்கணும், அது எனக்குள்ள பிடிக்கணும், பிடிச்ச பிறகுதான் அந்த 5ம் 15ம். இது புரிய எனக்கு ரெண்டு நாள் ஆச்சு, அந்த ரெண்டு நாளும் சரியா சாப்பிடக்கூட இல்ல. யாராவது இப்போ இத மாதிரி ஒரு நம்பரப் பாத்துட்டு பயந்துட்டு இருந்தா, அது யாரோட கணக்குன்னு மொதல்ல பாருங்க, தயவு செஞ்சு.

அடுத்த செக்கப்ல டாக்டரம்மாகிட்ட கேட்டேன், போலாமா கூடாதான்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்கன்னு எதிர்பாத்து. அவங்க அப்படிச் சொல்லல. எத்தனாவது வாரத்துல போற, எத்தனை நாள் இருப்ப, அங்க பகல்ல எங்க உக்காந்திருப்ப, இந்த மூணையும் கேட்டாங்க. மூணாவது கேள்வி எனக்குப் புரியவே இல்ல. அப்புறம்தான் சொன்னாங்க, ஜிகா, டெங்கு, சிக்குன்குனியா மூணையும் பரப்புறது ஏடிஸ் கொசு, அது பகல்ல கடிக்கும், காலைல விடிஞ்ச ரெண்டு மூணு மணி நேரமும் சாயங்காலம் பொழுது சாயறதுக்கு முன்னாடியும்தான் ரொம்ப. நாமளோ ஆறு மணிக்குக் கதவ சாத்திட்டு ராத்திரி கொசுவலை கட்டிப் படுத்தா போதும்னு வளந்தவங்க. ராத்திரி கடிக்கிறது வேற கொசு. மலேரியாவுக்கு அந்தப் பழக்கம் சரி, இதுக்குப் பத்தாது.

அப்போதான் கல்யாண நாள மனசுல ஓட்டிப் பாத்தேன். காலைல ஏழரை ஒன்பது முகூர்த்தம். விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு, பட்டுச்சேலை, அரைக்கை ப்ளவுஸ், வெறுங்காலு, மண்டப வாசல்ல பந்தலடில நின்னு வர்றவங்களக் கூப்பிடணும். ஏடிஸ் கொசு கணுக்காலத்தான் தேடும். அது கடிக்கிற நேரமும் என் கால் வெளிய தெரியுற நேரமும் ஒன்னா இருக்கு. இதுல மழை வேற, எங்க பக்கம் ஜூன்ல இருந்தே விட்டு விட்டுப் பெய்யும்.

அப்புறம் ரப்பர். எங்க வீட்டுக்குப் பின்னாடி ரப்பர் விளை, அதாவது தோட்டம். பால் வெட்டுறதுக்கு ஒவ்வொரு மரத்துலயும் ஒரு சிரட்டை கட்டியிருக்கும், மழை காலத்துல வெட்டு நிக்கும், சிரட்டையக் கவுத்து வெக்கலன்னா அதுல மழைத்தண்ணி நிக்கும். ஒரு ஏக்கர்ல நூத்தம்பதுக்கு மேல மரம், நூத்தம்பது சிரட்டை. முட்டை போட்டு பத்து நாளுக்குள்ள கொசுவா பறந்துரும். சின்ன வயசுல அந்த விளைக்குள்ளதான் ஓடி விளையாடினோம், காலெல்லாம் தடிப்பா வரும், அம்மா தேங்கா எண்ணெய் தேச்சு விடுவா. அந்த எடத்த நான் பயத்தோட நெனச்சுப் பாக்க வேண்டி வந்துச்சேன்னு இருந்துச்சு.

ஆனா சென்னை மட்டும் என்ன பத்திரமா? இத அந்த நேரம் யாருமே கேக்கல, "அங்க போகாத, இங்கயே இரு, சேஃப்"னுதான் எல்லாரும் சொன்னாங்க. தமிழ்நாட்டு மலேரியாவுல பெரும் பங்கு பல வருஷமா சென்னைலதான் இருந்துச்சு, மாடில மூடாத தண்ணி டேங்க்ல வளர்ற கொசு அது. டெங்கு வருஷா வருஷம். நாங்க இருந்த தெருவுல பாதி கட்டி நிறுத்தின அபார்ட்மெண்ட் ஒன்னு, லிப்ட் குழில முழங்கால் தண்ணி. மாசாமாசம் நான் போன ஒரு ஸ்கேன் சென்டர்ல தண்ணி குடிச்சுட்டு வெயிட் பண்ணுங்கன்னு காலைல எட்டு மணிக்கு உக்கார வெப்பாங்க, ரெண்டு மணி நேரம், சேருக்கு அடில கொசு பிச்சுப் பிடுங்கும், கூட உக்காந்திருக்கிற எல்லாருமே வயித்துப் பிள்ளைக்காரிங்க. ரிசப்ஷன்ல சொன்னேன், ஃபேன் ஸ்பீட கூட்டினாங்க, அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் போகாம இருந்து நான் தப்பிச்சுட்டேன்னு யாராவது சொன்னா அந்த சேர்தான் ஞாபகம் வரும் எனக்கு.

அதனால கேள்வி, ஆபத்து இருக்கிற எடம் இல்லாத எடம்ங்கிறது இல்ல. எந்த வாரத்துல எந்த நோய் குழந்தைய என்ன பண்ணும்ங்கிறதுதான். ஜிகா முதல் மூணு மாசத்துல ரொம்ப மோசம், அதுக்கப்புறமும் பாதிப்பு வரலாம். டெங்கு அப்படி மூளையத் தேடிப் போறதில்ல, ஆனா பிரசவத்த ஒட்டி வந்தா ரத்தப்போக்கு பயம், தட்டணுக்கள் இறங்கும், குழந்தைக்கும் போகலாம். சிக்குன்குனியா பெரும்பாலும் கடைசி வாரத்து வில்லங்கம், அம்மா உடம்புல வைரஸ் இருக்கிறப்போ வலி வந்தா பாதிக்குப் பாதி குழந்தைக்குப் போயிருதுன்னு 2005, 2006ல ரீயூனியன் தீவுல பெரிசா பரவினப்போ கண்டுபிடிச்சாங்க. மலேரியா எந்த மாசத்துலயும் வேண்டாம், அது நஞ்சுக்கொடிலயே போய் உக்காந்துக்கும், குழந்தை எடை கொறையும், கலைஞ்சும் போகலாம். கூட வேலை பாத்த பொண்ணு ஒருத்தி கர்ப்பமா இருக்கிறப்போ ஆப்பிரிக்கா போக டிக்கெட் போட்டுட்டு டாக்டர்கிட்ட போனா, மலேரியா வராம இருக்கக் குடுக்குற டாக்சிசைக்ளின் மாத்திரைய கர்ப்பத்துல குடுக்க மாட்டாங்க, மஞ்சக்காய்ச்சல் ஊசி உயிருள்ள வைரஸ் ஊசி, முடிஞ்சா பயணத்தத் தள்ளிப் போடுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க, அவ கேன்சல் பண்ணிட்டா. ஆப்பிரிக்காவுல காம்பியா நாட்டுல 2000த்துல நடந்த ஆராய்ச்சில, கர்ப்பிணிங்கள மலேரியா கொசு மத்தவங்கள விட ரெண்டு மடங்கு தேடி வருதுன்னு பாத்திருக்காங்க, மூச்சு அதிகமா விடுறோம், வயித்துச் சூடும் கூடுதல். இது தெரிஞ்ச பிறகு, "எல்லாரையும்தான் கடிக்குது"ன்னு யாராவது சொன்னா சும்மா இருக்க முடியல.

கல்யாணத்தப்போ எனக்கு பதினாறு வாரம் முடிஞ்சிருக்கும். அந்த நேரத்துல திருவனந்தபுரத்துல கேஸ் அறுபதத் தாண்டியிருந்துச்சு. மூளை வளர்ற நேரம், இருபது வார ஸ்கேன் இன்னும் பாக்கல, வந்துச்சுன்னா மருந்து இல்ல, வந்துச்சான்னு தெரியவே வாய்ப்பு கம்மி. மூணு நாள்தான். எல்லாப் பக்கமும் வெச்சுப் பாத்துட்டு போகலன்னு முடிவெடுத்தேன். டெங்கு மட்டும்னா போயிருப்பேன், இன்னைக்கும் அப்படித்தான் நெனைக்கிறேன்.

அம்மாகிட்ட சொன்னது எப்படின்னு இப்போ நெனச்சாலும் தொண்டை அடைக்குது. கொரோனா ரூல்னால கல்யாணத்துக்கே அம்பது பேர்தான். "அம்பது பேருல நீ இல்லன்னா நான் யாரத்தான் எண்ண, மக்களே?"ன்னா. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் "நான் உன்னைய பெத்தப்போ எத்தனை கொசு கடிச்சிருக்கும்"ன்னு சொன்னா, அது வாதம் இல்ல, அது அழுகை. நான் திருப்பி ஒன்னும் சொல்லல. பெரியம்மா ஒருத்தங்க மட்டும் ரொம்ப நாள் பேசல, நாத்தனார் முடிச்சுக்கு ஆளு இல்லாம பண்ணிட்டேன்னு. அது நியாயமான கோவம்தான், எனக்கே அந்த வலி இருக்கு. வாட்ஸ்ஆப் வீடியோல தாலி கட்டுறதப் பாத்தேன், சிக்னல் விட்டு விட்டு வந்துச்சு, மூணாவது முடிச்சு போடுறப்போ படம் நின்னுருச்சு.

எங்க வீட்டுக்காரர் போனாரு. குடும்பத்துல இருந்து ஒரு ஆளாவது நிக்கணும்ல. அவர் போறதுக்கு முன்னாடி டாக்டரம்மா ரெண்டு பேரையும் உக்கார வெச்சு ஒரு விஷயம் சொன்னாங்க, இத எழுதத்தான் நான் இவ்வளவு நீளம் எழுதுறேன். ஜிகா கொசுவால மட்டும் வராது, உடலுறவுல பரவும். ஆம்பளைங்க விந்துல மாசக்கணக்குல இருக்கலாம். காய்ச்சல் வரலன்னா நோய் இல்லன்னு அர்த்தம் இல்ல. ஜிகா இருக்கிற எடத்துக்குப் புருஷன் போயிட்டு வந்தா, பொண்டாட்டி கர்ப்பமா இருந்தா பிரசவம் வரைக்கும் காண்டம், இல்லன்னா ஒதுங்கி இருக்கணும். இன்னும் கர்ப்பமே ஆகல, இனிமேதான் பிளான்னா, போயிட்டு வந்தது ஆம்பளைன்னா மூணு மாசம், பொம்பளைன்னா ரெண்டு மாசம் பொறுக்கணும்.

எங்க வீட்டுல ஒரு மாசமா பேசினோமே, அத்தனை பெரியவங்க, அத்தனை போன், ஒருத்தர் வாயில இருந்தும் இது வரல. எல்லாரும் என் பயணத்தப் பத்தி மட்டும்தான் பேசினாங்க. நான் போனா குழந்தைக்கு ஆபத்து, அவர் போனா கல்யாணத்துக்கு மரியாதை, அப்படித்தான் பிரிச்சு வெச்சிருந்தோம். நானும்தான். நான் தம்பி கல்யாணத்தையே விட்டுட்டு உக்காந்திருந்தும், இது தெரியாம இருந்திருந்தா அந்த மூணாம் நாள் ராத்திரியே எல்லாம் வீணாப் போயிருக்கும். அவர் டாக்டர் முன்னாடி தலைய குனிஞ்சுட்டு சரி சரின்னாரு. வீட்டுக்கு வந்து, "இத நான் மறந்தாலும் நீ கேளு"ன்னு சொன்னாரு. பிரசவம் வரைக்கும் ஒரு தடவை கூட நான் கேக்க வேண்டி வரல. அங்க இருந்தப்போ முழுக்கை சட்டை, சாக்ஸ், க்ரீம்னு இருந்திருக்காரு, எல்லாரும் பாத்திருக்காங்க, அவர் கண்டுக்கல.

பிரசவத்துக்கு அம்மா வீடுதான்னு நான் உறுதியா இருந்தேன். நவம்பர்ல போறதா இருந்துச்சு. 7ஆம் தேதி சென்னைல கொட்டித் தீத்துச்சு, எங்க தெருவுல முழங்கால் தண்ணி. அடுத்த வாரமே குமரி மாவட்டம் வெள்ளத்துல, குழித்துறைல ஆறு நெறஞ்சு ஓடுச்சு. மழை விட்டு ரெண்டு மூணு வாரத்துலதான் கொசு பெருகும்னு டிசம்பர் ரெண்டாவது வாரத்துக்குத் தள்ளினோம், முப்பத்திரண்டு வாரம். அதுக்குள்ள கேரளாவுல ஜிகா அடங்கிருச்சு. இந்தத் தடவை கணக்கு வேற, டெங்குவும் சிக்குன்குனியாவும்தான் கவலை, அதனால ரத்த வங்கி இருக்கிற ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னுதான் மொதல்ல பாத்தோம், கொசுவ அப்புறம்தான்.

நான் போறதுக்கு முன்னாடி அப்பாவும் தம்பியும் ரப்பர் விளைல ஒவ்வொரு மரமா போய் சிரட்டையக் கவுத்தாங்க. பக்கத்து விளைக்காரரோடதும் சேத்து. கிணத்துல கொசுப்புழுவத் தின்னுற கம்பூசியா மீன் வாங்கி விட்டாங்க, ஃபிரிட்ஜ் பின்னாடி இருக்கிற தட்டு, ஆட்டுக்கல் குழி, அம்மாவோட செடித்தொட்டித் தட்டு எல்லாம் வாரத்துக்கு ஒருநாள் தேச்சுக் கழுவினாங்க, ஏன்னா முட்டை ஈரமில்லாமயும் மாசக்கணக்குல ஒட்டிக்கிட்டு இருக்கும், தண்ணிய மட்டும் ஊத்திட்டா போதாது. ஜன்னலுக்கெல்லாம் வலை. நான் மத்தியானம் தூங்குறப்பவும் கொசுவலைக்குள்ளதான். டீட்ங்கிற கொசு விரட்டி மருந்து இருக்கிற க்ரீம டாக்டர் சொன்ன அளவுல கை கால்ல தேச்சுக்குவேன், கர்ப்பத்துல அது கூடாதுன்னு நெறைய பேர் சொல்லுவாங்க, லேபிள்ல சொன்னபடி போட்டா கர்ப்பத்துலயும் போடலாம். கொசுவத்திச் சுருள் மட்டும் ரூமுக்குள்ள வேண்டாம்னுட்டேன், அந்தப் புகை எனக்கே ஒத்துக்கல.

முப்பத்தஞ்சாவது வாரம் ஒரு ராத்திரி காய்ச்சல். வீடே உக்காந்திருச்சு. பாராசிட்டமால் தவிர எதுவும் போடல, டெங்குவா இருந்தா ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை ரத்தப்போக்க கூட்டிரும். விடிஞ்சதும் ஆஸ்பத்திரி, டெங்குவான்னு பாக்குற என்எஸ்1 டெஸ்ட், தட்டணுக்கள், ரத்தம் எவ்வளவு கெட்டியாயிருக்குன்னு பிசிவி. கர்ப்பத்துல ரத்தம் இயல்பாவே நீர்த்து இருக்கும், அதனால டெங்குல கெட்டியாகுறது சட்டுன்னு தெரியாது, ஒரு தடவை பாத்துட்டு விடக்கூடாதுன்னு மூணு நாள் விடாம பாத்தாங்க. டெங்கு இல்ல. மூணாம் நாள் காய்ச்சல் விட்டுருச்சு.

பிப்ரவரி முதல் வாரம் பொண்ணு பிறந்தா. நர்ஸம்மா டேப்ப எடுத்து தலையச் சுத்தி அளந்தாங்க, எல்லாக் குழந்தைக்கும் அளக்குறதுதான், அவங்க எழுதிட்டு நகந்துருவாங்க. நான் மயக்கம் தெளியாமலே "எவ்வளவு"ன்னு கேட்டேன். 34 சென்டிமீட்டர், இயல்பான அளவு. அந்த நம்பர நான் மட்டும் பதினஞ்சு தடவை சொல்லிக்கிட்டேன். வெளிய நின்ன அம்மாவுக்கு அது என்னன்னே தெரியாது, நான் அழுறதப் பாத்து அவளும் அழுதா.

புனேல இருந்து கூப்பிட்டவகிட்ட அன்னைக்கு ராத்திரி இதெல்லாம் சொன்னேன், கலந்து கட்டி. உடனே ரயில் ஏறாத, நீ ஏற்கனவே அந்த ஏரியாவுலதான் இத்தனை நாள் இருந்திருக்க, மொதல்ல சாம்பிள் குடு, ரிசல்ட் வரட்டும், வைரஸ் டெஸ்ட் பண்ற தேசிய ஆய்வுக்கூடமே உன் ஊர்லதான் இருக்கு, இங்க வந்தா அது அவ்வளவு சுலபம் இல்ல. அதுக்கப்புறம் டாக்டர்கிட்ட வாரத்தச் சொல்லிக் கேளு, இங்க வர்றதா இருந்தா நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு. அவ கொஞ்சம் நிதானமாயிட்டா. ஆறு நாள் கழிச்சு ரிசல்ட் வந்துச்சு, இல்லன்னு. ஸ்கேன் முடிச்சுட்டு ஊருக்கு வர்றதா முடிவு பண்ணிட்டு மறுபடி கூப்பிட்டா, குரல்ல அவ்வளவு சந்தோஷம்.

"அவருக்கு லீவு இல்லக்கா, அவர் இங்கயேதான் இருப்பாரு, ரெண்டு வாரத்துக்கு ஒருக்க வந்து பாத்துட்டுப் போவாரு"ன்னா.

"போனை மாப்ளகிட்ட குடு"ன்னேன்.